உடற்குறையும் ஒருசாலை மாணாக்கரும்

கல்வி என்பது ஆசிரியர் ஒருவரிடமிருந்து மாத்திரம் பெறப்படுவதன்று. இவ்வுண்மையை, நன்னூல் செய்த பவணந்தி முனிவர் கணக்கிட்டே கூறியுள்ளார். ஆசிரியர் உரைப்பதைச் செவ்வனே கேட்டு மனத்தமைத்த மாணாக்கனும் அந்நூற்பொருளிற் காற்பங்கினையே பெறுவான். தன்னோடு கற்பாரோடு கூடிப் பயில்வதனால் மற்றுமொரு காற்பங்கினைப் பெறுவான். எஞ்சிய அரைப்பங்கு, தான் கற்றதைப் பிறர்க்கு விளங்க உரைக்குமிடத்தே கைகூடும் என்பது அவர் கொள்கை. நல்லூர் ஆறுமுக நாவலர் காண்டிகையுரை கண்ட நூலாதலின், யாழ்ப்பாணத்தார்க்கு இது புதியதொரு கருத்தன்று. ஆயினும், இதனை இலக்கணப் பாடத்தின் ஒரு பகுதியாக மனப்பாடஞ் செய்து அமைவாரே பலர். வகுப்பிலே உடற்குறையுடைய மாணாக்கர் ஒருவர் இருக்குமிடத்து இவ்விதி எத்துணைப் பெரிய அறக்கேள்வியாக மாறுகின்றது என்பதை எண்ணிப் பார்ப்போர் சிலரே.

கண்பார்வையில்லாத சிறுவன் ஒருவனைப் பாடசாலை சேர்த்துக்கொள்கின்றது எனக் கொள்வோம். அவனுக்கு முன்வரிசையில் ஓரிடம் கிடைக்கின்றது. ஆசிரியர் நன்றாகவே கற்பிக்கின்றார். மணி அடித்ததும் ஏனையோர் முற்றத்துக்கு ஓடிவிடுகின்றனர். அவன் வாங்கிலே இருக்கின்றான். அவனோடு பாடத்தைப் பற்றி வாதிடுவார் இல்லை. ஒரு கணக்கை அவனிடம் கேட்டுத் தெளிவாரும் இல்லை. நன்னூலார் கணக்கின்படி அவன் பெற்றது ஆசிரியர் தந்த காற்பங்கே. மிகுதி முக்காற்பங்கும் உடன்பயில்வார் கையில் உள்ளது. அதனைத் தருதலும் மறுத்தலும் அவர் செயலே. உடற்குறையுடையாரை உடன்பயில்வார் நடத்தும் முறை வெறும் நன்னடத்தை பற்றியதன்று. கல்வியையே கொடுப்பதும் பறிப்பதுமாகிய வினை அது.

தமிழ்ப் புலவர் வரலாறு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. ஆய் அண்டிரனைப் பாடிய முடமோசியாரும், பொருநராற்றுப்படை பாடிய முடத்தாமக்கண்ணியாரும் உடற்குறை பற்றிய அடைமொழியைத் தம் பெயரோடு உடையவராகக் கருதப்படுவர். முடத்தாமக்கண்ணியாராற் பாடப்பெற்ற கரிகாலனும், காலில் நேர்ந்த தீப்புண்ணால் அப்பெயர் பெற்றான் என்பது மரபு. பிற்காலத்தவராகிய அந்தகக்கவி வீரராகவ முதலியார் பிறவியிலேயே கண்ணிலாதவர். எழுத்துக்களை முதுகில் வரைந்து காட்ட, அத்தீண்டலை உணர்ந்தே அவர் கல்வி கற்றார் என்றும், ஈழத்துக்கு வந்து பரராசசேகரன் அவையிலே பாடிப் பரிசில் பெற்றார் என்றும் வழிவழி வந்த செய்திகள் கூறும்.

இவர் யாவரினும் இக்கட்டுரைப் பொருளுக்கு அணியவர் இரட்டையர் எனப்பட்ட முதுசூரியரும் இளஞ்சூரியரும் ஆவர். இருவருள் ஒருவர் கண்ணிலாதவர்; மற்றவர் நடக்க இயலாதவர். கண்ணிலாதவர் நடக்க இயலாதவரைத் தோளிற் சுமந்து செல்வார், சுமக்கப்பட்டவர் வழிகாட்டுவார். செய்யுளின் முற்பாதியை ஒருவர் பாட, மற்றவர் பிற்பாதியைப் பாடி முடிப்பார். ஏகாம்பரநாதர் உலா, தில்லைக் கலம்பகம் முதலியன அவர் இயற்றியனவாம். ஈண்டு நோக்கற்பாலது யாதெனில், அவ்விருவரிடத்தும் ஈபவர் இவர், ஏற்பவர் இவர் என்னும் பிரிவு இருந்ததில்லை என்பதே. சுமந்தவரும் உதவி பெற்றார். சுமக்கப்பட்டவரும் உதவி செய்தார். தோழமை என்பதன் இலக்கணம் இதுவே.

அக்காலத்துப் பெயரில் இடம்பெற்ற 'முடம்', 'அந்தகம்' முதலிய சொற்கள் இக்காலத்திலே வசைச்சொற்களாக ஒலிக்கின்றன. காரணம் என்னை? முடமோசியாரை அவையோர் அவர் பாட்டினால் அறிந்திருந்தனர். கால் பற்றிய சொல் பெயரில் ஒரு கூறாய் நின்றது. இறுதியில் 'ஆர்' என்னும் மதிப்பு விகுதியும் நின்றது. பாடசாலையிலே சூட்டப்படும் பட்டப்பெயரோ அவ்வாறன்று. அது மாணாக்கனுடைய ஏனைய இயல்புகள் அனைத்தையும் மறைத்துவிட்டு, குறை ஒன்றையே அவனுக்குப் பெயராக்கிவிடுகின்றது. பட்டப்பெயர் வைப்பது யாழ்ப்பாணத்து மாணாக்கர் பலரிடத்தும் உள்ள வழக்கம். ஆசிரியரும் அதற்குத் தப்புவதில்லை. ஆதலின் அது விளையாட்டே எனச் சமாதானங் கூறுவர் சிலர். ஆனால் வேறுபாடு உண்டு. பருமன்பற்றியோ குறும்புபற்றியோ வந்த பெயர் ஓரிரண்டு ஆண்டிலே உதிர்ந்து போகலாம். நடையைப் பற்றியோ செவியைப் பற்றியோ வந்த பெயர் உதிர்வதில்லை; சூட்டப்பட்டவன் ஒவ்வொரு முறை எழுந்து நடக்கும்போதும் அது புதுப்பிக்கப்படுகின்றது.

சொற்களை மாற்றும் முயற்சிகளும் நிகழ்ந்துள்ளன. 'ஊனமுற்றோர்' என்பது தமிழகத்திலே 'மாற்றுத்திறனாளிகள்' எனவும், இலங்கையிலே 'அங்கவீனர்' என்பது 'வலுவிழந்தோர்', 'விசேட தேவையுடையோர்' எனவும் மாறி வந்துள்ளன. இம்மாற்றங்கள் வேண்டப்படுவனவே. எனினும், மதிப்பான சொல்லும் ஒருவன் பெயருக்கு மாற்றாக அழைக்கப்படுமாயின் நாளடைவில் வசையாகவே முடியும். வகுப்பறையில் ஒருவனை எவ்வாறு அழைத்தல் தகும் என்னும் வினாவுக்கு விடை மிக எளிது: பெற்றோர் இட்ட பெயரால் அழைத்தலே தகும்.

உடற்குறையை ஊழின் பயனெனக் கருதி, அதனையுடையாரிடத்தும் அவர் குடும்பத்தாரிடத்தும் பழி காண்பதும் உண்டு. திருக்குறள் இதற்கு இடந்தரவில்லை. ஆள்வினையுடைமை என்னும் அதிகாரத்திலே, பொறியில்லாமை எவர்க்கும் பழியாகாது, அறிவறிந்து முயலாமையே பழி என்று வள்ளுவர் வரையறுக்கின்றார். 'பொறி' என்பதற்குப் பரிமேலழகர் விதி எனப் பொருள் கொண்டார். உடலுறுப்பு எனப் பொருள் கொள்வாரும் உளர். எப்பொருள் கொள்ளினும் முடிபு ஒன்றே: விதியும் பழியன்று, உறுப்புக்குறையும் பழியன்று. வினைத்திட்பம் என்னும் அதிகாரத்திலே, பெருந்தேரின் அச்சில் மாட்டிய சிறிய ஆணியை உவமை காட்டி, உருவத்தைக் கொண்டு எவரையும் இகழலாகாது எனவும் அவர் கூறினார். தேர்த்திருவிழாக்கள் மலிந்த இக்குடாநாட்டில் இவ்வுவமையை விளக்க வேண்டுவதில்லை.

இனி, இப்பொருள் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்குச் சிறப்பாக உரியதாதலையும் நோக்குதல் வேண்டும். முற்காலத்தில் இளம்பிள்ளைவாதம் பல சிறுவரின் கால்களைச் சூம்பச் செய்தது. இலங்கையில் அந்நோய் இறுதியாகப் பதிவானது 1993ஆம் ஆண்டிலாகும். அந்நோய் ஒருபுறம் ஒழிந்துவர, மறுபுறம் 1983 தொடக்கம் 2009 வரை நீடித்த போர், எறிகணையாலும் மிதிவெடியாலும் கைகால் இழந்தோரையும், கண்ணும் செவியும் இழந்தோரையும் பெருக்கியது. போர் முடிந்த பின்னரும் மண்ணிற் புதைந்த வெடிகள் எஞ்சின. மிதிவெடிகளைத் தடைசெய்யும் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்தது 2017ஆம் ஆண்டிலேயே. ஆதலின் உடற்குறை என்பது இம்மண்ணில் எங்கோ ஒரு வீட்டுச் செய்தியன்று. ஒரு தலைமுறையின் வரலாறு.

இந்நிலைக்கேற்ற நிறுவனங்களும் எழுந்தன. 1912ஆம் ஆண்டில் மேரி சாப்மன் அம்மையார் தென்னிலங்கையில் செவிப்புலனற்றோர்க்கும் விழிப்புலனற்றோர்க்கும் தொடங்கிய பாடசாலையின் வழியில், தமிழ்ச் சிறார்க்காகக் கைதடி நவீல்ட் பாடசாலை 1956ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. கால் இழந்தோர்க்குச் செயற்கைக் கால் அமைத்துதவும் ஜெய்ப்பூர் நிலையம் 1987ஆம் ஆண்டில் யாழ்ப்பாணத்தில் தோன்றியது. வெறுங்காலோடு நடத்தற்கும், குந்தியிருத்தற்கும், ஈர மண்ணில் இறங்குதற்கும் ஏற்றதாக இந்தியாவின் ஜெய்ப்பூர் நகரில் ஆக்கப்பட்டமையின், அக்கால் இந்நாட்டு வாழ்க்கைக்குப் பொருந்தியது. விழிப்புலனற்றோர்க்கான சுன்னாகம் வாழ்வகம் 1988ஆம் ஆண்டில் உருவாயிற்று.

தனிப் பாடசாலைகள் ஆற்றிய தொண்டு பெரிது. ஆயினும், உடற்குறையுடைய சிறார் இயன்றவரை ஏனைச் சிறாரோடு ஒரே பாடசாலையில் பயிலுதல் வேண்டும் என்னும் கொள்கை பின்னர் உலகில் வலுப்பெற்றது. 1994ஆம் ஆண்டில் ஸ்பெயின் நாட்டுச் சலமங்கா நகரில் 92 அரசுகளின் பேராளர் கூடி இதனை வற்புறுத்தினர். இலங்கையில் வலுவிழந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம், உடற்குறை காரணமாகக் கல்வி நிறுவனங்களில் அனுமதி மறுக்கப்படலாகாது என விதித்தது. பொதுக் கட்டடங்களில் அவர்க்கேற்ற வாயிலும் வழியும் அமைதல் வேண்டும் என 2006ஆம் ஆண்டின் ஒழுங்குவிதிகள் கூறின. ஐக்கிய நாடுகள் சபையின் வலுவிழந்தோர் உரிமைகள் பற்றிய சமவாயத்தை இலங்கை 2016ஆம் ஆண்டில் ஏற்றுறுதி செய்தது.

இச்சட்டங்கள் அளிப்பன யாவை? அனுமதியும் வழியும் இருக்கையும் ஆகும். நன்னூலார் கணக்கில் இவை முதற் காற்பங்கினைத் திறக்கும் திறவுகோல்கள். அப்பாலுள்ள முக்காற்பங்கினைச் சட்டத்தால் அளித்தல் இயலாது.

இருக்கை மாத்திரம் போதாது என்பதை யாழ்ப்பாணம் முன்னரும் ஒருகாற் கற்றதுண்டு. சாதிப் பாகுபாட்டினால் ஒருசாரார் பிள்ளைகள் வகுப்பிலே தரையிலும், தாழ்ந்த இருக்கையிலும் இருத்தப்பட்ட காலம் இருந்தது. உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளில் யாவர்க்கும் சம ஆசனம் அளித்தல் வேண்டும் என்னும் ஏற்பாடு 1930ஆம் ஆண்டையொட்டி நடைமுறைக்கு வந்தபோது கடும் எதிர்ப்பு மூண்டது. அதனை ஆதரித்து நின்றோருள் யாழ்ப்பாண வாலிப காங்கிரசார் முதன்மையானவர். ஆசனம் காலப்போக்கிற் சமமாயிற்று. ஆயினும், ஒரே வாங்கில் இருந்தோர் ஒருவர் வீட்டில் மற்றொருவர் உண்ணுதற்கு மேலும் பல்லாண்டுகள் வேண்டியிருந்தன. சாதியும் உடற்குறையும் ஒன்றல்ல; எனினும், அருகிருத்தல் வேறு, கூடியிருத்தல் வேறு என்னும் பாடம் இரண்டுக்கும் பொது.

இப்பாடத்தை உளநூலாரும் ஆராய்ந்துள்ளனர். அமெரிக்க அறிஞர் கோர்டன் ஓல்போட் 1954ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலே, வேறுபட்ட இரு பிரிவினர் பழகுவதனால் மாத்திரம் தப்பெண்ணம் நீங்கிவிடாது எனக் காட்டி, அது நீங்குதற்கு ஏதுவாகும் நான்கு நிலைகளைக் கூறினார். பழகுவோர் சமநிலையில் நிற்றல், இருவர்க்கும் பொதுவாகிய குறிக்கோள் இருத்தல், அதனை அடைதற்கு ஒருவரையொருவர் வேண்டி ஒத்துழைத்தல், மேலோரும் சட்டமும் வழக்கமும் அதற்குத் துணைநிற்றல் என்பன அவை. இரட்டையர் வரலாற்றில் முதல் மூன்றும் அமைந்திருத்தலையும், அவரைப் போற்றிய அவைகளும் புரவலரும் நான்காவதாய் நின்றமையையும் காணலாம்.

வகுப்பறையில் இந்நிலைகளைக் கெடுக்கும் நடத்தைகள் மூன்று. முதலாவது எள்ளல், அதன் தீமை வெளிப்படை. இரண்டாவது ஒதுக்கல். இது ஓசையின்றி நிகழ்வது. எவரும் தீயசொல் கூறார். ஆயினும் குழு அமைக்கும்போது ஒருவன் பெயர் இறுதிவரை எஞ்சி நிற்கும். மாலையில் தனியார் கல்வி நிலையக் கொட்டிலுக்குத் துவிச்சக்கர வண்டிகள் வரிசையாய்ப் புறப்படும். ஊன்றுகோலுடையவன் எவ்வாறு வருவான் என்பதை ஒருவரும் கேளார். மூன்றாவது மிகையான இரக்கம். இதனைக் குணமென்றே பலர் கருதுவர். கேளாமலே கையைப் பிடித்திழுத்து வீதியைக் கடப்பித்தல், அவன் செய்யத்தக்கதையும் தாமே செய்து முடித்தல், அவன் எழுதிய குறைவான விடையையும் பாராட்டுதல், விளையாட்டில் வேண்டுமென்றே தோற்றுக்கொடுத்தல் என்பன இதன் வகைகள். எள்ளுவோன் அவனைத் தாழ்த்துகின்றான். ஒதுக்குவோன் அவனைக் காண மறுக்கின்றான். மிகையாக இரங்குவோன் அவனை என்றும் ஏற்பவனாகவே வைத்திருக்கின்றான். மூவரும் அவனிடமிருந்து தாம் பெறத்தக்கது யாதும் இல்லை என்னும் எண்ணத்தில் ஒன்றுபடுகின்றனர். நன்னூலார் கூறிய அரைப்பங்கு, பிறர்க்கு உரைப்பதனால் வருவது. பிறர் அவனிடம் கேளாதவிடத்து அது அவனுக்கு எய்தாது.

இனிச் செய்யத்தக்கன இவை. அவை பெரும்பாலும் பொருட்செலவில்லாதன; அறிவும் கவனமுமே வேண்டுவன.

கண்பார்வை இல்லாதவரை அணுகுவோர் முதலில் தம் பெயரைக் கூறுதல் வேண்டும்; விலகும்போதும் கூறிவிட்டு விலகுதல் வேண்டும். அவரை வழிநடத்துவோர் அவர் கையைப் பற்றி இழுத்தலாகாது. தம் முழங்கையை அவர் பற்ற விட்டு அரையடி முன் நடத்தலே முறை. வாங்கு மேசைகளை இடம் மாற்றினால் அறிவித்தல் வேண்டும். பலகையில் எழுதப்படுவதை அருகிலிருப்பவர் தாழ்ந்த குரலில் வாசித்தல் வேண்டும். செவிப்புலன் குறைந்தவரோடு பேசுவோர் உரக்கக் கத்துதலாற் பயனில்லை. முகத்தில் ஒளி பட நின்று, வாயை மறைக்காது, இயல்பான வேகத்தில் பேசுதல் வேண்டும். உதட்டசைவைக் கண்டுணர்வோர்க்கு, ஆசிரியர் பலகையை நோக்கித் திரும்பிய கணமே பாடம் நின்றுவிடுகின்றது. அவ்வேளையிற் குறிப்பைக் காட்டி உதவுதல் உடன்பயில்வார் கடமை. எல்லோரும் நகைக்கும்போது எதற்காக நகைத்தனர் என்பதை அவருக்குச் சொல்லாதுவிடுதல், சிறிதாகத் தோன்றினும் பெரிய ஒதுக்கலாம். திக்கிப் பேசுவோரின் சொல்லைப் பிறர் முடித்துவைத்தல் ஆகாது, காத்திருத்தலே மரியாதை.

காலிழந்தோர்க்கும் சக்கர நாற்காலியில் இயங்குவோர்க்கும் படியும் மணலுமே பகை. ஓரடி உயரம் ஏறுதற்குப் பன்னீரடி நீளமுள்ள சாய்தளம் வேண்டும் என்பது பொதுவான அளவு. மேல்மாடியில் உள்ள வகுப்பைக் கீழ்த்தளத்துக்கு மாற்றுதல் அதினும் எளிது. வளரும் சிறுவரின் செயற்கைக் கால் விரைவிற் சிறிதாகிவிடுதலின் அடிக்கடி மாற்றப்படல் வேண்டும். புதுக்கால் பழகும்வரை புண்ணும் நோவும் உண்டு. அந்நாட்களில் அவர் ஆடாது நிற்பதைச் சோம்பலென எண்ணலாகாது. துடுப்பாட்டத்தில் ஓட இயலாதவர்க்கு மற்றொருவர் ஓடலாம். புள்ளி குறிப்பவரும் நடுவரும் ஆட்டத்துக்கு இன்றியமையாதவரே. ஆனால் என்றும் புள்ளி குறிக்கும்படி விடுதலும் ஒதுக்கலின் ஒரு வகையே. என்ன செய்ய விருப்பம் என்பதை அவரையே கேட்டறிதல் எல்லா விதிகளுக்கும் முந்திய விதி.

உடன்பயில்வாரின் ஆற்றலுக்கு உலக வரலாற்றில் ஒரு சிறந்த சான்று உண்டு. பிரான்சு நாட்டு லூயி பிறெயில் 1809ஆம் ஆண்டிற் பிறந்து, மூன்றாம் வயதிலே தந்தையின் தொழிற்கூடத்தில் நேர்ந்த காயத்தாற் கண்ணிழந்தவர். பாரிசு நகரில் விழிப்புலனற்றோர் பாடசாலையிற் பயிலும்போது, பதினைந்து வயதளவில், ஆறு புள்ளிகளைக் கொண்டு விரலால் தடவி வாசிக்கும் எழுத்து முறையை அவர் ஆக்கினார். ஆசிரியரும் மேலோரும் அதனை உடனே ஏற்றுக்கொண்டாரல்லர். இடையில் அது விலக்கவும்பட்டது. அதனைக் காத்தவர் அப்பாடசாலை மாணாக்கரே. ஒருவர்க்கொருவர் கற்பித்தும், மறைவில் எழுதிப் பழகியும் அதனை அவர் அழியாது வைத்திருந்தனர். பிறெயில் 1852ஆம் ஆண்டில் இறந்தார். 1854ஆம் ஆண்டிலேயே பிரான்சு அதனை முறையாக ஏற்றது. அதே ஆறு புள்ளிகளைத் தமிழ் முதலிய இந்திய மொழிகளுக்குப் பொதுவாக வகுத்த முறை 1951ஆம் ஆண்டில் அமைந்தது. எழுத்தாணி போன்ற ஊசியால் தாளின் பின்புறத்தில் வலமிருந்து இடமாகக் குத்தி, தாளைத் திருப்பி இடமிருந்து வலமாகத் தடவி வாசிப்பது அம்முறை. ஓலையும் எழுத்தாணியும் கொண்டு கற்ற மரபினர்க்கு இது வியப்பாகாது. பார்வையுள்ள மாணாக்கரும் சில நாட் பயிற்சியில் இப்புள்ளிகளைக் கண்ணால் வாசிக்கக் கற்கலாம். அவ்வாறு கற்போர்க்கு, அதனைக் கற்பிக்கும் ஆசிரியராகக் கண்ணிலாத தோழரே அமைவார். அவர் இழந்திருந்த அரைப்பங்கு அங்ஙனம் அவர்க்குக் கிடைக்கும்.

பரீட்சைப் போட்டி மிகுந்த இக்குடாநாட்டிலே ஒரு தடை கூறப்படலாம். புலமைப்பரிசில், சாதாரண தரம், உயர் தரம் என ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சைகள் துரத்தும்போது, தோழனுக்காகப் பலகையை வாசிப்பதிலும் பாடத்தை மீள விளக்குவதிலும் நேரத்தைச் செலவிடுதல் தன் படிப்பைக் கெடுக்காதோ என்பதே அது. இதற்கும் நன்னூலாரே விடை தருகின்றார். பிறர்க்கு உரைப்பதனால் அரைப்பங்கு நிறைவது உரைப்போனுக்கே. உரக்க வாசிப்பவன் தான் விட்ட பிழையைக் கேட்கின்றான். படத்தைச் சொல்லால் விளக்குபவன் அப்படத்தை முதன்முறையாக உற்று நோக்குகின்றான். அவ்வழி செலவிட்ட நேரம் இழந்த நேரமன்று.

ஆசிரியர்க்கும் அதிபர்க்கும் இதிற் பங்குண்டு. ஓல்போட் கூறிய நான்காம் நிலை அவரைச் சார்ந்தது. பட்டப்பெயரைக் கேட்டும் கேளாதார் போல் இருக்கும் ஆசிரியர் அதனை ஒப்புகின்றார். உடற்குறையுடைய மாணாக்கரை வகுப்புத் தலைவராகவும், விவாத அணியினராகவும், பிறர்க்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பவராகவும் நியமிக்கும் ஆசிரியர், நூறு அறிவுரையாலும் ஆகாததைச் செய்துவிடுகின்றார். எனினும், ஆசிரியர் இல்லாத இடைவேளையும் வீதியும் விளையாட்டிடமும் மாணாக்கர் ஆட்சிக்குரியன. அங்கு நிகழ்வதற்கு அவரே பொறுப்பு.

நன்னூலிலே மற்றுமொரு விதி உண்டு. ஒரு நூலுக்குச் சிறப்புப்பாயிரம் உரைத்தற்கு உரியார் யார் எனக் கூறுமிடத்து, நூலாசிரியனின் ஆசிரியனோடும் மாணாக்கனோடும் உரைகாரனோடும் சேர்த்து, அவனோடு கற்றவனையும் பவணந்தியார் எண்ணுகின்றார். தொல்காப்பியத்துக்குப் பாயிரம் தந்த பனம்பாரனார், தொல்காப்பியரோடு ஒருங்கு கற்ற ஒருசாலை மாணாக்கர் என்பர். தன்னைத் தானே புகழ்தல் தகாது. ஆதலின் ஒருவன் தகுதியை உலகுக்கு அறிவிக்கும் உரிமை அவனோடிருந்து கற்றோனுக்கு அளிக்கப்பட்டது. உடன்பயின்றோன் அறியாத தகுதியை வேறு யார் அறிவார்?

பாடசாலை வாழ்வு முடிந்து பல்லாண்டின் பின், பழைய வகுப்புத் தோழர் ஒருவரைப் பற்றி எவரேனும் வினவுவர். அவ்வேளை, 'கால் சற்றுக் குறைந்தவர்' என்னும் ஒரு செய்தியன்றி வேறொன்றும் நினைவிற்கு வரவில்லையெனின், அது அத்தோழரின் குறையன்று. பத்தாண்டு அருகிருந்தும் அவரை அறியாது விட்டவர் குறையே. அவர் எக்கணக்கில் வல்லவர், எதற்குச் சினப்பார், எதைக் கேட்டு நகைப்பார், எந்நாளில் எவர்க்கு உதவினார் என்பவற்றைச் சொல்ல வல்லவரே அவரோடு கற்றவர். அவர்க்குப் பாயிரம் உரைக்கும் உரிமையும் அவருக்கே உண்டு.